சிக்கனச் சிரிப்பு

பணமில்லை, நேரமில்லை, சம்பளமுமில்லை. பெங்களூரின் வார இறுதி இயக்குநர்கள் பொய்யை ஆவணப்படம் போல எடுத்துப் போட்டிக்கு அனுப்புகிறார்கள். அந்தப் பொய் எங்கே நிற்க வேண்டும் என்ற பாடத்தையும் இந்த நகரம் பார்த்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை மாலை. அலுவலகத்திலிருந்து நேராக வந்த சிலரது கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை இன்னும் தொங்குகிறது. மேடையில் ஒரு தொப்பி. அதற்குள் சுருட்டிப் போட்ட சீட்டுகள். ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவர் வந்து கையை விட்டு ஒன்றை எடுக்கிறார். திகில், காதல், துப்பறியும் கதை என்று எது வருகிறதோ அதுதான் தலையெழுத்து. அந்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. கதை, வசனம், நடிப்பு, படப்பிடிப்பு, எடிட்டிங், இசை எல்லாம் 48 மணி நேரத்துக்குள் முடிந்து ஞாயிறு மாலை படம் வந்து சேர வேண்டும். தாமதமானால் முக்கியப் பரிசுகளுக்கான போட்டியில் இடமில்லை.

2001-ல் வாஷிங்டனில் மார்க் ரப்பர்ட் தொடங்கிய ‘48 ஹவர் ஃபிலிம் பிராஜெக்ட்’ போட்டியின் நடைமுறை இது. உலகின் பல நகரங்களுக்குப் பரவிய இந்தப் போட்டி மும்பை, பெங்களூர் போன்ற இந்திய நகரங்களுக்கும் வந்தது. படம் 4 நிமிடத்துக்குக் குறையக்கூடாது, 7 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. ஏற்கெனவே எடுத்து வைத்த படத்தைக் கொண்டுவந்து ஏமாற்ற முடியாதபடி ஒரு பாத்திரத்தையும் ஒரு பொருளையும் ஒரு வரி வசனத்தையும் அமைப்பாளர்களே கொடுத்துவிடுகிறார்கள். மூன்றும் படத்தில் இடம்பெற்றாக வேண்டும். 2011-ல் தொடங்கிய இந்தியா ஃபிலிம் பிராஜெக்ட் இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தாராளம் காட்டியது. அங்கே கெடு 50 மணி நேரம்.

தொப்பிக்குள் இருக்கும் சீட்டுகளில் ஒன்றின் பெயர் மாக்குமெண்டரி. டாகுமெண்டரியின் வேஷம் போட்ட கட்டுக்கதை. நடக்காத ஒன்றை நடந்தது போலவும், இல்லாத ஒருவரை இருப்பவர் போலவும் காட்டி, முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லாமல் சிரிக்க வைக்கும் வகை. கைக்காசு போட்டுப் படம் எடுப்பவர்களுக்கு இந்தச் சீட்டு கிடைப்பது ஒரு அதிர்ஷ்டம். காரணம் எளிமையானது. மற்ற படங்களில் ஏழ்மை குறையாகத் தெரியும். இதில் அதுவே நம்பகத்தன்மை.

காதல் படத்தில் கேமரா ஆடினால் ஒளிப்பதிவாளருக்குத் தொழில் தெரியவில்லை என்பார்கள். மாக்குமெண்டரியில் ஆடினால், நிகழ்ச்சி நடந்தபோது படக்குழு ஓடிப்போய் எடுத்தது என்று பார்வையாளரே காரணம் கண்டுபிடித்துக்கொள்வார். விளக்கு தேவையில்லை. ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டு ஒருவரை உட்கார வைத்தால் பேட்டி தயார். வசனம் பேசும்போது பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தால் வேறு படத்தில் ‘கட்’ சொல்ல வேண்டும். இங்கே நடிகர் ஒரு கணம் பேச்சை நிறுத்தி, விசில் பக்கம் பார்த்து, மறுபடி அதே கம்பீரத்துடன் தொடர்ந்தால் அதுவே ஒரு நகைச்சுவைக் காட்சி. கதையில் ஓட்டை விழுந்தாலும் பின்னணிக் குரல் இரண்டு வரியில் அடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, ஒரு காட்சி எடுக்கவே இல்லை என்பது தெரியவரும்போது இந்த வசதியின் அருமை புரியும்.

சிக்கனத்துக்கு இந்த வகையின் மூதாதையரே சாட்சி. 1957 ஏப்ரல் 1 அன்று பிபிசியின் மதிப்புமிக்க ‘பனோரமா’ செய்தி நிகழ்ச்சி சுவிட்சர்லாந்தில் ஸ்பாகெட்டி அறுவடை பற்றி மூன்று நிமிடப் படம் ஒன்றை ஒளிபரப்பியது. மரக்கிளைகளிலிருந்து நீளநீளமாகத் தொங்கும் ஸ்பாகெட்டியை ஒரு குடும்பம் பறித்து வெயிலில் காய வைக்கிறது. ஒளிப்பதிவாளர் சார்லஸ் டி யேகருக்குக் கொடுக்கப்பட்ட பணம் 100 பவுண்டு. பின்னணிக் குரல் கொடுத்தவர் அன்றைய பிரிட்டனின் மிக மரியாதைக்குரிய தொலைக்காட்சிக் குரலான ரிச்சர்ட் டிம்பிள்பி. அந்தக் குரல்தான் படத்தின் மொத்த மூலதனம். ஸ்பாகெட்டி அப்போது பிரிட்டிஷ் சமையலறைகளில் அவ்வளவாகப் பழகியிராத பண்டம். அந்த மரத்தை எப்படி வளர்ப்பது என்று பிபிசிக்குத் தொலைபேசியில் விசாரித்தவர்களும் இருந்தார்கள்.

இந்தியாவிலும் ஏழைகளின் ஹாஸ்யப் படத்துக்கு ஒரு தலைநகர் உண்டு. மகாராஷ்டிரத்தின் விசைத்தறி நகரமான மாலேகாவ்ன். வீடியோ பார்லர் நடத்திவந்த ஷேக் நாசிர் 2000-ல் ‘மாலேகாவ்ன் கே ஷோலே’ என்ற கேலிப் படத்தைச் சுமார் 50,000 ரூபாயில் எடுத்தார். ஊர்க்காரர்களே நடிகர்கள். டிராலிக்குப் பதில் சைக்கிள், கிரேனுக்குப் பதில் மாட்டு வண்டி. பிறகு அவர் எடுத்த சூப்பர்மேன் படத்தில் பறக்கும் நாயகன் ஒரு விசைத்தறித் தொழிலாளி. அந்தப் படப்பிடிப்பையே ஃபைசா அகமது கான் ‘சூப்பர்மென் ஆஃப் மாலேகாவ்ன்’ என்ற ஆவணப்படமாக்கினார். இந்தக் கதையிலிருந்து பிறந்து 2025-ல் திரையரங்குகளுக்கு வந்த இந்திப் படம் ரீமா காக்தியின் ‘சூப்பர்பாய்ஸ் ஆஃப் மாலேகாவ்ன்’. முதல் படத்தின் செலவைப் போலப் பல மடங்கு செலவில், அந்தச் சிக்கனத்தின் கதை.

மாலேகாவ்னில் விசைத்தறி என்றால் பெங்களூரில் கணினி. வாரத்தில் ஐந்து நாள் மென்பொருள், இரண்டு நாள் சினிமா என்று வாழும் இளைஞர்கள் இங்கே ஏராளம். சம்பளம் வருவதால் கேமரா வாங்கலாம், அல்லது வாடகைக்கு எடுக்கலாம். எஸ்.பி. ரோடு கடைகளில் பேரம் பேசினால் மைக்கும் வயரும் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கும். ஜே.பி. நகரில் 2004 முதல் இயங்கும் ரங்கசங்கரா போன்ற அரங்குகளைச் சுற்றி வளர்ந்த நாடக நடிகர்கள், எழுதாத வசனத்தையும் பேசிச் சமாளிக்கக்கூடியவர்கள். கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் ஐந்தும் ஒரே ஆட்டோ பேரத்தில் புழங்கும் ஊர். ஹாஸ்யத்துக்கு வேறென்ன வேண்டும்?

இந்த வார இறுதிப் பாதையில் நடந்து தமிழ் சினிமாவுக்குள் நுழைந்தவர்களில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் கார்த்திக் சுப்புராஜ். மதுரைக்காரர், பொறியியல் பட்டதாரி. மென்பொருள் துறையில் வேலை பார்த்துக்கொண்டு பெங்களூரில் இருந்தபோதுதான் குறும்படத் தயாரிப்பு பற்றிய இரண்டு நாள் பயிற்சி முகாம் ஒன்றில் சேர்ந்தார். பிறகு அவரது ‘காட்சிப்பிழை’ குறும்படம் கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ போட்டிக்குத் தேர்வானது. கார்ட்டூனிஸ்ட் மதனும் பிரதாப் போத்தனும் நடுவர்களாக இருந்த முதல் சுற்றில் பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. அது நலன் குமாரசாமிக்குப் போனது. தோற்றவர் 2012-ல் ‘பீட்சா’ எடுத்தார். 2019-ல் ‘பேட்ட’யில் ரஜினிகாந்தை இயக்கினார். வென்றவர் 2013-ல் ‘சூது கவ்வும்’ எடுத்தார்.

அந்தப் போட்டி வளர்த்தெடுத்தவர்களில் கணிசமானவர்கள் ஹாஸ்யக்காரர்கள் என்பது தற்செயல் அல்ல. பாலாஜி மோகனின் ‘காதலில் சொதப்புவது எப்படி’ குறும்படத்தில் நாயகன் நேராகக் கேமராவைப் பார்த்துத் தன் தோல்வியை விளக்குகிறான். டாகுமெண்டரியிலிருந்து கடன் வாங்கிய உத்தி. அதுவே 2012-ல் முழுநீளப் படமானது. ராம்குமாரின் ‘முண்டாசுப்பட்டி’ 2014-ல் அதே வழியில் வந்தது. மடோன் அஸ்வினின் ‘மண்டேலா’ (2021) அறிமுக இயக்குநருக்கும் வசனத்துக்கும் தேசிய விருதுகளைப் பெற்றது. பத்து நிமிடத்தில் அழ வைப்பதற்குப் பின்னணி இசையின் உதவி கிடைக்கும். சிரிக்க வைப்பதற்கு எழுத்து மட்டுமே துணை. பணமில்லாத போட்டியில் எழுதத் தெரிந்தவன் முந்துவான்.

எழுத்தின் பங்கு எவ்வளவு என்பதற்கு ஒரு கற்பனை உதாரணம். சில்க் போர்டு சந்திப்பின் போக்குவரத்து நெரிசல் பெங்களூர்க்காரர்களுக்குப் பழைய நகைச்சுவை. ‘அங்கே நெரிசல் அதிகம்’ என்று ஒருவர் புலம்பினால் யாரும் சிரிக்க மாட்டார்கள். அதையே ஒரு மானுடவியல் ஆவணப்படமாக எடுத்தால்? ‘இந்தப் பழங்குடியினர் பல தலைமுறைகளாக இந்தச் சந்திப்பில் வாழ்கிறார்கள்’ என்று பின்னணிக் குரல் நிதானமாகச் சொல்கிறது. திரையில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒரு முதியவர். கீழே ‘சமூகத் தலைவர், இடது வரிசை’ என்ற எழுத்து. வலது வரிசையில் பெண் எடுக்கும் வழக்கம் தங்கள் குலத்தில் இல்லை என்று அவர் விளக்குகிறார். 2025 ஆகஸ்டில் மெட்ரோ ரயில் அங்கே வந்துவிட்டது. தங்கள் கலாச்சாரம் அழிந்துவிடுமோ என்று கண் கலங்குகிறார். செலவு: ஒரு நண்பரின் கார், ஒரு வேட்டி, பெட்ரோல். நெரிசலை நகரமே இலவசமாகக் கொடுக்கும்.

அந்த முதியவர் ஒரு நொடி கூடச் சிரித்துவிடக்கூடாது என்பதுதான் இந்த வகையின் முதல் விதி. தான் ஹாஸ்யப் படத்தில் இருப்பது அவருக்குத் தெரியாது. படக்குழுவுக்கும் தெரியாது. பார்வையாளருக்கு மட்டுமே தெரியும். இரண்டாவது விதி, வெட்டும் இடம். ‘எங்களிடையே சண்டையே கிடையாது’ என்று அவர் சொல்லி முடித்த அடுத்த கணம் ஹாரன்களின் போர்க்களத்துக்குப் படம் தாவ வேண்டும். அரை நொடி தாமதித்தாலும் சிரிப்பு செத்துவிடும். மூன்றாவது விதி, ஒலி. படம் மங்கினால் பார்வையாளர் மன்னிப்பார். வசனம் காதில் விழாவிட்டால் எழுந்து போவார். ஆயிரம் ரூபாய்தான் இருக்கிறது என்றால் அதைச் சட்டையில் குத்தும் மைக்குக்குச் செலவிடுவதே புத்திசாலித்தனம்.

பெங்களூரின் சொந்தச் சரக்கு ஒன்றும் இந்த வகையில் உண்டு. வானொலியில் தொலைபேசிக் குறும்புகளால் பெயர் வாங்கிய டேனிஷ் சேட் உருவாக்கிய அரசியல்வாதி நோக்ராஜ். 2018 ஜனவரியில் சாத் கானின் இயக்கத்தில் கன்னடப் படமாக வந்த அந்தப் பாத்திரம், 2022-ல் மாக்குமெண்டரி பாணித் தொடராகத் திரும்பியது. ஆனால் சேட்டின் மிகச் சிக்கனமான சாதனை 2020 ஊரடங்கில் நிகழ்ந்தது. வீட்டுக்குள் அடைபட்டு, ஒரு கைபேசியை வைத்துக்கொண்டு, பல பாத்திரங்களையும் தானே பேசி நடித்தார். படக்குழு பூஜ்யம், செலவு பூஜ்யம்.

எல்லாமே இவ்வளவு மலிவு என்றால் விலையைக் கொடுப்பது யார்? 48 மணி நேரப் போட்டியின் விதிப்படி நடிகர்களும் தொழில்நுட்பக் கலைஞர்களும் தன்னார்வலர்களாக இருக்க வேண்டும். யாருக்கும் சம்பளம் கிடையாது. இரண்டு இரவு தூங்காமல் எடிட் செய்தவருக்குக் கிடைப்பது பிரியாணியும் டைட்டிலில் பெயரும். கணினி நிறுவனத்தில் சம்பளம் வாங்குபவருக்கு இது பொழுதுபோக்கு. நாடகத்தையே நம்பியிருக்கும் நடிகருக்கு இரண்டு நாள் வருமானம் போகிறது. போட்டியில் வென்றால் இயக்குநரின் பெயர் வெளியே வரும். ஒலிப்பதிவாளரை யாரும் கேட்பதில்லை. நட்பில் ஓடும் தொழில் இது. அடுத்த படத்துக்கு அவரை மறந்துபோகும் இயக்குநருக்கு மூன்றாவது படத்தில் ஆள் கிடைப்பது சிரமம்.

விதிகளின் சிக்கனமும் தெரிந்திருக்க வேண்டும். பிரபலமான சினிமாப் பாட்டை உரிமையில்லாமல் பின்னணியில் ஓட விட்டால் நல்ல படமும் போட்டியிலிருந்து கழித்துக் கட்டப்படும். திரைப்படத்தில் நாயையோ பூனையையோ நடிக்க வைப்பதற்கு விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி என்ற சட்டம் இருக்கிறது. மெட்ரோ நிலையத்தில் டிரைபாடை விரித்தால் காவலர் வந்து நிற்பார். அனுபவசாலிகள் கதையை எழுதுவதற்கு முன்பே இடத்தை எழுதி வைத்துக்கொள்வது அதனால்தான். அனுமதி கிடைத்த மொட்டைமாடி எது, அதில் என்ன நடக்கலாம் என்று யோசிப்பவர்கள் ஞாயிறு மாலை படத்துடன் வந்து சேர்கிறார்கள்.

வந்து சேர்ந்த படங்களுக்குப் போக இடமும் இருக்கிறது. 2011-ல் முதல் விழாவை நடத்திய பெங்களூர் சர்வதேசக் குறும்பட விழாவில் பரிசு வெல்லும் படம் ஆஸ்கர் பரிசீலனைக்குத் தகுதி பெற முடியும். மைசூர்க்காரரான சிதானந்த நாயக், புனே திரைப்படக் கல்லூரி மாணவராக நான்கே நாளில் எடுத்த கன்னடக் குறும்படம் ஒன்று அதற்குச் சான்று. ஒரு கிழவி சேவலைத் திருடிச் சென்றதால் ஊருக்குச் சூரியனே உதிக்காமல் போகும் 16 நிமிட நாட்டுப்புறக் கதை. 2024-ல் கான் விழாவின் மாணவர் படப் பிரிவில் முதல் பரிசு பெற்ற பின் பெங்களூர் விழாவிலும் வென்றது. நான்கு நாள் என்பது குறையல்ல, கட்டுப்பாடு என்று காட்டிய படம்.

ஆனால் பொய்யை நிஜம் போலக் காட்டும் கலைக்கு இன்னொரு முகம் உண்டு. அதையும் இந்த நகரம் பார்த்தது. 2018-ல் குழந்தை கடத்தல் பற்றிய வதந்திகள் வாட்ஸ்அப்பில் தீயாகப் பரவின. அவற்றுடன் சுற்றிய வீடியோக்களில் ஒன்றில், தெருவில் விளையாடும் குழந்தைகளிடையே மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். கண்காணிப்பு கேமராவில் பதிவானது போன்ற காட்சி. உண்மையில் அது கராச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்துக்காக நடிகர்களை வைத்து எடுக்கப்பட்ட விழிப்புணர்வுக் குறும்படம். முழுப் படத்தில் அந்த இருவரும் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிடுகிறார்கள். குழந்தையைக் கடத்த ஒரு கணம் போதும் என்று எச்சரிக்கும் அட்டையைக் காட்டுகிறார்கள். யாரோ அந்தக் கடைசிச் சில வினாடிகளை வெட்டிவிட்டார்கள். எஞ்சியது இந்தியாவின் கைபேசிகளில் ‘ஆதாரம்’ ஆனது.

அந்த மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயதுப் பெண்மணி அடித்துக் கொல்லப்பட்டார். அதே மாதம் 23-ம் தேதி பெங்களூர் சாமராஜப்பேட்டைப் பகுதியில், பிழைப்புத் தேடி வந்த ராஜஸ்தானைச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவரைக் குழந்தை கடத்துபவர் என்று சந்தேகித்து ஒரு கும்பல் கட்டி வைத்து அடித்தது. அவர் உயிர் பிழைக்கவில்லை. ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது.

கராச்சிப் படக்காரர்கள் செய்த தவறு என்று எதையும் சொல்ல முடியாது. நல்ல நோக்கம், திறமையான படம், தெளிவான முடிவு. ஆனால் உண்மை வெளிப்படும் இடத்தைக் கடைசியில் மட்டும் வைத்தார்கள். கைபேசிக் காலத்தில் கடைசி என்பது வெட்டி எறியக்கூடிய பகுதி. 1957-ல் ஸ்பாகெட்டி மரத்துக்கு ஏப்ரல் 1 என்ற தேதி காவலாக நின்றது. அன்று தொலைக்காட்சியில் ஓடிய படத்தை யாரும் தேதியிலிருந்து பிய்த்து அடுத்த தெருவுக்கு அனுப்ப முடியாது. இன்று தேதி, தலைப்பு, இயக்குநர் பெயர் மூன்றும் ஒரு விரல் தடவலில் உதிர்ந்துவிடும்.

அதனால் மாக்குமெண்டரி எடுப்பவர்கள் எடிட்டிங் மேஜையில் தங்களுக்கே ஒரு பரிட்சை வைத்துக்கொள்வது நல்லது. படத்தின் எந்த இருபது வினாடியை வெட்டியெடுத்தாலும் அது விளையாட்டு என்று தெரிய வேண்டும். சில்க் போர்டு முதியவரை எங்கே வெட்டினாலும் கீழே ‘சமூகத் தலைவர், இடது வரிசை’ என்று இருக்கும். அவரைத் தேடி யாரும் கட்டையுடன் புறப்பட மாட்டார்கள். கேலிக்கு ஆளாவது யார் என்பதும் அதே பரிட்சையின் இன்னொரு கேள்வி. வேலைக்கு வந்த வெளியூர்க்காரரையோ, பேச்சு வழக்கு வேறுபட்ட பக்கத்து வீட்டுக்காரரையோ சந்தேகத்துக்குரியவராகக் காட்டும் இருபது வினாடி, படத்திலிருந்து கழன்று வெளியே போனால் சிரிப்பாகவே இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இந்தப் பரிட்சையில் தேறும் படம் போட்டியிலும் தேறும். ஏனென்றால் ஒவ்வொரு காட்சியிலும் சிரிப்பு இருந்தாக வேண்டும் என்பதும் இதே கட்டளையின் மறுபெயர்தான்.

ஞாயிறு மாலை. மடிக்கணினியின் திரையில் படம் நகலாகும் பட்டை மெல்ல நகர்கிறது. 94, 95, 96 சதவீதம். கெடுவுக்கு இன்னும் சில நிமிடங்கள். கடைசியாக ஒரு முறை ஓட்டிப் பார்க்க நேரமில்லை என்று ஒருவர் பதறுகிறார். ஆறு நிமிடப் படத்தை எங்காவது நடுவில் தொட்டு இருபது வினாடி ஓட்டிப் பார்க்க நேரம் இருக்கும். அறையில் யாராவது சிரித்தால் போதும், கொடுத்துவிடலாம்.